துப்ரோவ்னிக்குக்கு ஏழு நாள் எதுக்கு?

குரோஷியாவின் துப்ரோவ்னிக்கைச் சுற்றி நிக்கிற கோட்டை மதிலோட மொத்த நீளமே 1,940 மீட்டர்தான். கப்பல்ல காலைல வந்து இறங்குறவங்க சாயந்திரத்துக்குள்ள பாத்துட்டுக் கிளம்பிடறாங்க. நானும் தங்கமணியும் அங்கேயே ஒரு வாரம் தங்கறதா திட்டம். காரணம் சொல்றேன் மக்களே.

வர்றவங்களைக் காக்க வைக்கிறதையே சட்டமாக்கின ஊருங்க இது! ரகுசா என்ற பெயரில் தனிக் குடியரசாக இருந்தபோது, கொள்ளைநோய்க்குப் பயந்து 1377-ல் ஒரு சட்டம் போட்டார்கள். நோய் பரவிய இடங்களிலிருந்து வருகிறவர்கள் மிர்கான் தீவிலோ, ட்சாவ்தாத்திலோ ஒரு மாதம் தங்கணும்; அப்புறம்தான் நகருக்குள் அனுமதி. துறைமுகத்தை இழுத்து மூடினா வியாபாரம் படுத்துடும், தொறந்து விட்டா உயிர் போயிடும். கடல் வணிகத்தில் வாழ்ந்த ஊர் கண்டுபிடித்த நடுவழி இது. பின்னாளில் அந்த ஒரு மாதம் 40 நாளாச்சு. இத்தாலியில் நாற்பதைக் குறிக்கும் சொல்லிலிருந்துதான் 'குவாரண்டைன்' வந்தது. 2020-ல் நாம வீட்டுக்குள்ள அனுபவிச்சோமே, அதேதான் :)

சரி, திட்டம் இதுதான். முதல் நாள் மதில்மேல் நடை. ரெண்டாம் நாள், பிளோச்சே வாசலுக்கு வெளியே 17-ஆம் நூற்றாண்டில் கட்டின லாசரெத்தி தனிமை விடுதிகள். மூணாம் நாள், 1667 நிலநடுக்கத்துக்குப் பிறகு மறுபடி எழுப்பின ஸ்ட்ராடுன் தெரு. 1991 குண்டுவீச்சுக்குப் பிறகு புது ஓடு வேய்ந்த கூரைகள். அடுத்த மூணு நாள் தங்கமணி கணக்கு: கடல், கடல், கடல்.

கடைசி நாள் படகேறி ட்சாவ்தாத். 600 வருஷத்துக்கு முன்னாடி வியாபாரிங்க ஊருக்குள்ள போக நாள் எண்ணிக்கிட்டிருந்த கரைல, நாம ஒரு பகல் சும்மா உக்காந்திருக்கலாம்ல?