கார்வின் ஹான்ச்

கார்வின் ஹான்ச் (6 அக்டோபர் 1918 – 8 மே 2011) அமெரிக்க வேதியியலாளர். ஒரு மூலக்கூறின் அமைப்பையும் அது உயிரினத்தில் காட்டும் செயலையும் சமன்பாட்டால் இணைக்கும் முறையை (கியூ.எஸ்.ஏ.ஆர்.) நிறுவியவர். கணினிவழி மருந்து வடிவமைப்பு இவரிடமிருந்தே தொடங்கியது என்றாலும் மிகையில்லை.

வடக்கு டக்கோட்டாவின் கென்மேரில் பிறந்த ஹான்ச், 1944இல் நியூயார்க் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றார். போர்க்கால அணுகுண்டுத் திட்டத்தில் சிறிது காலம் பணியாற்றினார். 1946இல் கலிஃபோர்னியாவின் பொமோனா கல்லூரியில் சேர்ந்தவர் பிறகு வேறிடம் தேடவில்லை. அது இளநிலை மாணவர்கள் மட்டுமே படிக்கும் சிறிய கல்லூரி. மருந்து நிறுவனங்கள் பெரும் பணம் கொட்டித் தேடிய விடை அங்கே கிடைத்தது என்பது கவனிக்கத்தக்கது.

தொடக்கம் மருந்தில் அல்ல, செடியில். தாவரவியலாளர் ராபர்ட் மியூருடன் சேர்ந்து, செடியின் வளர்ச்சியைத் தூண்டும் பினாக்சிஅசெட்டிக் அமிலங்களை ஹான்ச் ஆராய்ந்தார். அவற்றின் பென்சீன் வளையத்தில் எந்த அணுவை எங்கே சேர்த்தால் வீரியம் கூடும்? எலக்ட்ரான் ஈர்ப்பைக் குறிக்கும் ஹாமெட் மாறிலியால் மட்டும் அதை விளக்க முடியவில்லை. விடுபட்டிருந்தது கொழுப்பில் கரையும் தன்மை. சேர்மம் செல்சவ்வைக் கடந்தாக வேண்டுமே!

அதை அளக்க அவர் கையாண்ட முறை எளிமையானது. பிரிபுனலில் கொழுப்புக்குப் பதிலாக ஆக்டனாலும் அதனுடன் நீரும் ஊற்றி, சேர்மத்தைப் போட்டுக் குலுக்கி, இரண்டும் தனித்தனி அடுக்காகப் பிரிந்ததும் ஒவ்வொன்றிலும் அது எவ்வளவு கரைந்திருக்கிறது என்று பார்ப்பது. அந்த விகிதத்தின் மடக்கையே ‘லாக் பி’. பென்சீனுக்கு அது 2.13, குளோரோபென்சீனுக்கு 2.84. வித்தியாசமான 0.71, ஒரு குளோரின் அணுவின் பங்கு. இப்படித் துண்டு துண்டாகக் கூட்டினால், இன்னும் தயாரிக்காத மூலக்கூறின் மதிப்பையும் ஏறக்குறையக் கணித்துவிடலாம்.

1962இல் ‘நேச்சர்’ இதழில் முதல் கட்டுரை வந்தது. ஜப்பானியரான தோஷியோ ஃபுஜித்தாவுடன் 1964இல் முறை முழுமை பெற்றது. லாக் பி கூடக்கூட வீரியமும் ஏறிக்கொண்டே போவதில்லை என்பதையும் ஹான்ச் கணக்கில் கொண்டார்: கொழுப்பை மிகவும் நாடும் சேர்மம் சவ்விலேயே தங்கிவிடும். அதனால்தான் அவருடைய சமன்பாட்டில் இருபடி உறுப்பு இடம்பெற்றது.

பின்னாளில் ஆல்பர்ட் லியோவுடன் பொமோனாவில் ஆயிரக்கணக்கான அளவீடுகளைத் திரட்டினார். அவற்றிலிருந்து பிறந்தது ‘சிலாக்பி’ என்னும் கணிப்பு நிரல். வாய்வழி மருந்துகளுக்கு கிறிஸ்டோபர் லிப்பின்ஸ்கி 1997இல் வகுத்த ‘ஐந்தின் விதி’யில், 5ஐத் தாண்டக் கூடாது என்று வரம்பிடப்படும் மதிப்புகளில் ஒன்று இந்த லாக் பிதான்.