முகம் எழுதிய தூரிகை

மாந்தர் மறைவர், மறைந்தவர் முகமும் மெல்ல மெல்ல நினைவிலிருந்து மங்கும். இந்த இரண்டாவது மறைவைத் தடுக்க மனிதன் கண்ட வழிகளுள் ஒன்றே உருவ ஓவியம். ஆயினும் எல்லார் முகங்களையும் தூரிகை எழுதிவிடவில்லை. எழுதத் தக்க முகம் எது என்பதைச் செல்வமும் அதிகாரமுமே நெடுங்காலம் முடிவு செய்து வந்தன. அந்த நிலை எவ்வாறு சிறிது சிறிதாக மாறிற்று என்பதில்தான் இக்கலையின் வரலாற்றுச் சுவை முழுவதும் அடங்கியுள்ளது. நம் சிவகாசிக்கும் அவ்வரலாற்றில் ஓர் அத்தியாயம் உண்டு. அதற்கு முந்திய அத்தியாயங்களை முதலில் காண்போம்.

மன்னர் முகம்

கான்ஸ்டாண்டிநோபிளை வென்ற உதுமானியப் பேரரசர் இரண்டாம் முஹம்மது, வெனிஸ் நகரத்தாருடன் சமாதானம் செய்துகொண்டபின், அங்கிருந்து ஓர் ஓவியரை வரவழைத்தார். 1479இல் வந்து சேர்ந்த ஜென்டிலே பெல்லினி எழுதிய சுல்தானின் உருவப்படம் 1480 நவம்பர் 25 என்ற நாளைத் தாங்கி இன்றும் இருக்கிறது. இலண்டன் தேசிய ஓவியக்கூடம் அதன் உடைமையாளர். வாளெடுத்து வென்ற கரத்தை அதில் காணோம். மெலிந்த, சிந்தனை படிந்த முகத்தையே காண்கிறோம்.

நம் நாட்டில் பேரரசர் அக்பர் தம் அவையினரின் உருவங்களை எழுதுவித்து, அவற்றைத் தொகுத்து ஒரு பெருஞ்சுவடியாக்கினார் என அபுல் ஃபஸல் எழுதியுள்ளார். மைந்தர் ஜஹாங்கீரோ இக்கலையில் தந்தையையும் விஞ்சியவர். ஒரே படத்தில் முகத்தை ஒருவரும் புருவத்தை இன்னொருவரும் எழுதியிருந்தாலும், எது எவர் கைவண்ணம் எனத் தம்மால் சொல்ல முடியும் என்று தம் நினைவுக் குறிப்பில் பெருமிதத்துடன் கூறிக்கொண்டவர் அவர். பாரசீக மன்னர் ஷா அப்பாஸின் முகம் எத்தகையது என அறிய விரும்பி, 1613இல் சென்ற தூதுக்குழுவுடன் பிஷன்தாஸ் என்னும் ஓவியரையும் அனுப்பிவைத்தார்.

இந்த மொகலாய ஓவியங்கள் கடல் கடந்து ஹாலந்தை எட்டின. பெரும்புகழ் பெற்ற ரெம்பிராண்ட், தம் முதிர்ந்த வயதில் அவற்றைப் பார்த்து வரைந்த படிகளுள் இருபதுக்கும் மேற்பட்டவை எஞ்சியுள்ளன. மேற்கிலிருந்து கிழக்கு கற்றது என்று மட்டுமே பேசிப் பழகிய நமக்கு இது நினைவில் நிற்க வேண்டிய செய்தி.

தமிழகத்திலும் அரண்மனை வாயில் வழியாகவே எண்ணெய் வண்ண உருவ ஓவியம் நுழைந்தது. 1769இல் சென்னையில் வந்திறங்கிய டில்லி கெட்டில் என்னும் ஆங்கில ஓவியருக்கு ஆற்காட்டு நவாப் முஹம்மது அலி வாலாஜா ஆதரவளித்தார். பின்னர் ஜார்ஜ் வில்லிசனும் அவரை வரைந்தார். கும்பினியாரிடம் கடனில் ஆழ்ந்து, அதிகாரம் கையைவிட்டு நழுவிக்கொண்டிருந்த காலத்திலும், அப்படங்களில் நவாப் மணிமுத்து மாலைகளுடன் மாட்சிமை குன்றாமல் நிற்கிறார். அதிகாரம் தேய்ந்த இடத்தில் ஓவியம் அதன் சாயலையேனும் காத்துத் தந்தது.

அடிமை முகம்

1650இல் ஸ்பானிய ஓவியர் வெலாஸ்குவெஸ் ரோமாபுரியில் தங்கியிருந்தார். அங்கே அவர் எழுதிய இரு படங்கள் அழியாப் புகழ் பெற்றவை. ஒன்று பத்தாம் இன்னொசென்ட் என்னும் போப்பாண்டவரின் படம். மற்றொன்று ஓவியரின் வண்ணங்களை அரைத்துக் கொடுத்து வந்த அடிமை ஜுவான் தே பரேஹாவின் படம். பரேஹா, ஸ்பெயினில் வாழ்ந்த முஸ்லிம்களின் வழித்தோன்றலாகக் கருதப்படுபவர். கம்பீரமாகத் தலைநிமிர்ந்து, காண்போரை நேருக்கு நேர் நோக்கும் அம்முகத்தில் அடிமைத்தனத்தின் சாயல் அணுவளவும் இல்லை. அதே ஆண்டு நவம்பரில் வெலாஸ்குவெஸ் அவருக்கு விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுத்தார். மேலும் நான்காண்டுகள் ஊழியம் செய்யவேண்டும் என்பது அதில் கண்ட நிபந்தனை. பிற்காலத்தில் பரேஹா தாமே ஓர் ஓவியராக விளங்கினார்.

ரெம்பிராண்டோ தம் முகத்தையே வாழ்நாள் முழுவதும் எழுதினார். 1656இல் கடன் தீர்க்க வழியின்றி நொடித்துப்போன பின்னரும் அவர் நிறுத்தவில்லை. சுருக்கங்களும் தளர்ந்த கன்னமும் களைத்த கண்களும் ஒளிவு மறைவின்றி அப்படங்களில் இடம்பெற்றன. முகத்தை அழகுபடுத்திக் காட்டுவதே ஓவியன் கடமை என்ற எண்ணம் அங்கே தகர்ந்தது.

உழைப்பாளர் முகம்

இவ்வழியில் மேலும் முன்னேறியவர்கள் ருஷ்ய ஓவியர்கள். 1863இல் பீட்டர்ஸ்பர்க் கலைக்கழகம் போட்டிக்கென விதித்த புராணக் கதைப்பொருளை ஏற்க மறுத்து மாணவர் பதினால்வர் வெளியேறினர். அவர்களுக்குத் தலைமை தாங்கியவர் இவான் கிராம்ஸ்காய். 1870இல் உருவான புதிய ஓவியர் சங்கம், தன் படைப்புகளை ஊர் ஊராகக் கொண்டு சென்று காட்சிக்கு வைத்தது. மாஸ்கோ வணிகர் திரெத்தியாகோவ், எழுத்தாளர், இசைவாணர், அறிஞர் ஆகியோரின் உருவப்படங்களைப் பொருள் கொடுத்து எழுதச் செய்தார். பெரோவ் 1872இல் தாஸ்தயேவ்ஸ்கியையும், கிராம்ஸ்காய் 1873இல் டால்ஸ்டாயையும் எழுதியது இவ்வாறே. டால்ஸ்டாயை எழுதிய அதே கிராம்ஸ்காய், மீனா மொய்சேயெவ் என்னும் முதிய குடியானவரையும் 1882இல் எழுதினார். பெயரோடு எழுதினார் என்பதைக் கவனிக்க.

இல்யா ரேபின் 1870ஆம் ஆண்டுக் கோடையில் வோல்கா நதிக்கரையில் தங்கி, கயிறு கட்டிப் படகிழுக்கும் கூலியாட்களுடன் பழகினார். 1873இல் முடிவுற்ற அவரது புகழ்பெற்ற ஓவியத்தில் பதினொருவர் நெஞ்சில் வார் பூட்டி இழுக்கின்றனர். அவர்களுள் ஒருவரும் மற்றவரைப் போல் இல்லை. ஒவ்வொருவருக்கும் தனி முகம், தனி வரலாறு. முன்னணியில் வருபவர் கானின். ஒரு காலத்தில் மதகுருவாக இருந்து கூலியாளானவர். 'கூலிக் கூட்டம்' என்று உலகம் ஒரே சொல்லில் கடந்துபோனவர்களை ரேபின் ஒவ்வொருவராக நின்று பார்த்தார்.

அச்சேறிய முகம்

எண்ணெய் வண்ணப் படம் ஒன்றே ஒன்றுதான். அதை வாங்கும் வசதி சிலருக்கே உண்டு. அத்தடையை நம் நாட்டில் உடைத்தது கல்லச்சு. கிளிமானூர் ரவி வர்மா 1894இல் பம்பாய்ப் பகுதியில் அச்சகம் நிறுவித் தம் ஓவியங்களைப் படிகளாக்கிப் பரப்பினார்.

சிவகாசியில் அச்சு வளர்ந்த கதை தீக்குச்சியில் தொடங்குகிறது. மழை குன்றிய கரிசல் மண்ணில் வேறு பிழைப்புத் தேடி, அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழில் பயின்று, 1923இல் இங்கே அதைத் தொடங்கினர். பெட்டிக்குச் சீட்டு வேண்டும். சீட்டுக்கு அச்சகம் வேண்டும். அவ்வாறு வந்த அச்சகங்கள் பட்டாசு உறைகளையும் காலண்டர்களையும் அச்சிட்டன. ஆடிப்பெருக்கில் அடுத்த ஆண்டின் காலண்டர் மாதிரிகளை வெளியிடுவது இன்றும் அவ்வூர் வழக்கம்.

அந்தக் காலண்டர்களுக்குப் படம் எழுதிய ஓவியர்களுள் முதல்வராகப் போற்றப்படுபவர் கோவில்பட்டியில் வாழ்ந்த சி. கொண்டையராஜு (1898-1976). சென்னை ஓவியப் பள்ளியில் பயின்று, நாடகக் குழுவுக்குத் திரைச்சீலை எழுதியவர். 1940களில் குழு கலைந்தபின் கோவில்பட்டியிலேயே தங்கிவிட்டார். டி.எஸ். சுப்பையா, மு. ராமலிங்கம், செண்பகராமன் முதலிய மாணாக்கர்களை உருவாக்கினார். அவர்கள் எழுதிய தெய்வங்களும் தேசத் தலைவர்களும் சிவகாசியில் அச்சேறி, மளிகைக் கடையிலும் குடிசைச் சுவரிலும் இடம்பிடித்தனர். அரண்மனைக்கே உரியதாய் இருந்த ஓவியம் புத்தாண்டு அன்பளிப்பாக ஏழையின் கைக்கு வந்தது.

நம் இல்லங்களில் உருவப்படம் மாட்டும் வழக்கம் பெரும்பாலும் இல்லை. அதே சிவகாசி நமக்குக் கஃபாவையும் மதீனாப் பள்ளியையும் அழகிய அரபு எழுத்துகளையும் அச்சிட்டுத் தருகிறது; நாட்தாளில் ஹிஜ்ரித் தேதியும் காண்கிறோம். ஆனால் உருவம் எழுதாத மரபு முகத்தை மறந்த மரபு ஆகாது. அண்ணல் நபி (ஸல்) அவர்களின் திருமுகத்தையும் நடையையும் புன்னகையையும் தோழர்கள் சொற்களால் வருணித்தார்கள். இமாம் திர்மிதி அவற்றைத் தனி நூலாகத் தொகுத்தார். 17ஆம் நூற்றாண்டில் இஸ்தான்புல் எழுத்துக்கலைஞர் ஹாஃபிஸ் உதுமான், அவ்வருணனையைச் சுவரில் மாட்டத்தக்க எழில்மிகு எழுத்துப் பலகையாக வடிவமைத்தார். தூரிகை செய்யும் பணியைச் சொல்லும் செய்யும் என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுமோ?

எழுதப்படாத முகம்

இத்தனை முகங்களை நாட்டுக்கு வழங்கிய சிவகாசி வட்டாரத்தில், எழுதப்படாமல் போன முகங்கள் எத்தனை! பட்டாசுப் பெட்டியின் மேலட்டையில் குழந்தை சிரித்தது. தீப்பெட்டி ஒட்டிய பிஞ்சு விரல்களுக்குரிய குழந்தையை எவரும் எழுதவில்லை. சிவகாசித் தீப்பெட்டித் தொழிற்சாலைகளைப் பற்றிய வழக்கில்தான், 1996 டிசம்பர் 10 அன்று உச்ச நீதிமன்றம் அபாயத் தொழில்களில் குழந்தைகளை ஈடுபடுத்துவதற்கு எதிரான தன் பெருந்தீர்ப்பை வழங்கிற்று. 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டியில் நிகழ்ந்த வெடிவிபத்தில் முப்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். இத்தகைய தொழிலாளியின் முகம் அச்சேறுவது பெரும்பாலும் அவர் இறந்த மறுநாள், செய்தித்தாளின் ஒரு மூலையில், அஞ்சல் தலையளவுப் படமாக மட்டுமே.

ஒரு முகத்துக்கு மதிப்பளிப்பது அதன்மீது சூடிய மகுடம் அன்று. அதை உற்றுநோக்கும் கண். வெலாஸ்குவெஸுக்குப் பரேஹாவைப் பார்க்கும் கண் இருந்தது. ரேபினுக்குக் கானினைப் பார்க்கும் கண் இருந்தது. கந்தகத் தூள் படிந்த கையுடன் மாலையில் பேருந்துக்காகக் காத்து நிற்கும் பெண்ணைப் பார்க்கும் கண் நமக்கு வேண்டும். கரிசல் மண்ணின் இளைஞர்களுள் தூரிகை பிடிக்கத் தெரிந்தவர் அவளை எழுதட்டும். தெரியாதவர் சொல்லால் எழுதட்டும். தம் வீட்டில் உழைத்து ஓய்ந்த பாட்டன் பாட்டியரின் பெயரையும் தொழிலையும் முகச்சாயலையும் ஒரு குறிப்பேட்டில் பதிந்து வைப்பதிலிருந்தே அப்பணியைத் தொடங்கலாம். அவர்களை நேரில் கண்டவர்கள் இருக்கும்போதே அதைச் செய்துவிட வேண்டும்.