பதினோரு பேர் கச்சேரி

1975-ம் வருடம், பிப்ரவரி மாதம். வெனிசுலாவின் தலைநகரமான காரகாஸில் ஒரு கார் நிறுத்துமிடம். இசைக்குறிப்புத் தாள்களை வைக்கிற ஸ்டாண்டுகள் 50 நன்கொடையாக வந்திருக்கின்றன. ஸ்டாண்டுக்கு இரண்டு பேர் என்று வைத்தால் 100 பிள்ளைகள். ஒரு மனிதர் காத்திருக்கிறார்.

வந்தது 11 பேர்.

நீங்களும் நானுமாக இருந்தால் என்ன செய்திருப்போம்? ஊர் சரியில்லை என்று திட்டிவிட்டு, ஸ்டாண்டுகளை வண்டியில் ஏற்றியிருப்போம். ஹோசே அந்தோனியோ அப்ரேயு ஏற்றவில்லை. உலகத்தின் பெரிய ஆர்கெஸ்ட்ராக்களில் ஒன்றாக உங்களை ஆக்கிக் காட்டுகிறேன் என்று அந்த 11 பேருக்கு வாக்குக் கொடுத்தார்.

ஆர்கெஸ்ட்ரா என்றதும் நம்மூர் கல்யாண வரவேற்பு மேடையை நினைத்துக்கொள்ளாதீர்கள். இது பீத்தோவன், மொஸார்ட் சமாசாரம். வயலின், செல்லோ, எக்காளம் என்று பெரிய படை. அன்றைய வெனிசுலாவில் அது பணக்கார வீட்டுப் பொழுதுபோக்கு. எண்ணெய் விலை எகிறி அரசாங்கக் கஜானா நிரம்பி வழிந்த காலம்தான். ஆனால் காரகாஸின் மலைச்சரிவுக் குடிசைகளுக்கு அந்தப் பணம் ஏறிப்போகவில்லை. அங்கே ஒரு பையன் கைக்கு வயலின் எப்படி வரும்?

அப்ரேயு இசைக்கலைஞர். அதைவிட முக்கியம், பொருளாதாரம் படித்தவர். நாடாளுமன்றத்திலும் உட்கார்ந்தவர். பட்ஜெட்டில் கலைக்கு எவ்வளவு விழும், சமூக நலனுக்கு எவ்வளவு விழும் என்பது அவருக்கு அத்துப்படி. எனவே தன்னுடையது சங்கீதத் திட்டமே இல்லை, ஏழைப் பிள்ளைகளைத் தெருவிலிருந்து காப்பாற்றுகிற சமூக நலத் திட்டம் என்றார். பணம் அந்தக் கணக்கிலிருந்து வந்தது. ஆட்சிகள் மாறின. அதிபர்கள் மாறினார்கள். பணம் மட்டும் நிற்கவில்லை.

எல் சிஸ்டமா. அதாவது, 'அமைப்பு'. அந்தத் திட்டத்துக்கு மக்கள் வைத்த பெயர் இதுதான். பள்ளிக்கூடம் விட்டதும் பிள்ளைகள் நேராக இசை மையத்துக்குப் போகலாம். திறமைக்குத் தேர்வு கிடையாது. கட்டணம் கிடையாது. வாத்தியமும் அவர்களே கொடுப்பார்கள். சின்னக் குழந்தையென்றால் முதலில் அட்டையில் செய்த வயலின். பிடிக்கப் பழகியபிறகு நிஜ வயலின். தனியாக வருஷக்கணக்கில் சாதகம் செய்து பிறகு மேடையேறுகிற கதையே இல்லை. முதல் நாளிலிருந்தே கூட்டத்தில் உட்கார்ந்து வாசிக்கவேண்டியதுதான். நேற்று கற்றவன் இன்று வந்தவனுக்குச் சொல்லிக்கொடுப்பான்.

பலன்? சூப்பர் மார்க்கெட்டில் பொட்டலம் கட்டிக்கொண்டிருந்த எடிக்ஸன் ரூயிஸ் என்கிற பையன், 17 வயதில் பெர்லின் பில்ஹார்மோனிக்கில் டபுள் பாஸ் வாசிக்கப் போனான். இங்கே படித்த குஸ்தாவோ துதமேல், 2009-ல் லாஸ் ஏஞ்சல்ஸ் பில்ஹார்மோனிக்கின் இசை இயக்குநரானார். உலகமே கைதட்டியது.

கைதட்டல் சரி. பில்?

ஐந்து ரூபாய் கொடுத்தவன்கூட அழைப்பிதழில் தன் பெயர் இருக்கிறதா என்று பார்ப்பான். அரசாங்கம் பார்க்காதா? அதன் விழாக்களில் இவர்கள் வாசித்தார்கள். அதன் குற்றங்குறைகளைப் பற்றி அப்ரேயு வாய் திறந்ததில்லை. ராணுவம்போல் கட்டுப்பாடு, தலைவர் சொன்னதே வேதம், நிஜமான பரம ஏழைகள் குறைவு என்று 2014-ல் ஜெஃப்ரி பேக்கர் என்கிற பிரிட்டிஷ் ஆய்வாளர் ஒரு புத்தகமே எழுதினார்.

2017, மே 3. அதிபர் மதுரோவுக்கு எதிராகக் காரகாஸில் போராட்டம். சுட்டுக் கொல்லப்பட்டவர்களில் ஒருவர் அர்மாண்டோ கனிசாலெஸ். வயது 18. எல் சிஸ்டமாவில் வியோலா வாசித்த பிள்ளை. அதுவரை அரசியல் பேசாமல் தவிர்த்துவந்த துதமேல், மறுநாள் வெளிப்படையாகக் கண்டித்தார். ஆகஸ்டில், அவர் நடத்தவிருந்த தேசிய இளைஞர் ஆர்கெஸ்ட்ராவின் அமெரிக்கப் பயணம் ரத்தானது. துதமேலுக்கு லாஸ் ஏஞ்சல்ஸ் இருந்தது. ரத்தான விமானத்தில் போகவேண்டிய பிள்ளைகளுக்கு என்ன இருந்தது?

அதற்காக அந்த வயலினைக் கொடுத்திருக்கவே கூடாது என்பீர்களா? நான் சொல்லமாட்டேன். அட்டை வயலின் பிடித்த கையில் நிஜ வயலின் வந்ததும் உண்மை. அதைக் கொடுத்த கை வாயையும் பொத்தியது என்பதும் உண்மை. ஏழைப் பிள்ளைக்குக் கலை சொல்லித்தரக் கிளம்புகிற யாரும் இந்த இரண்டு பத்தியையும் சேர்த்துத்தான் கணக்கு எழுதவேண்டும்.

அப்ரேயு 2018-ல் காலமானார். 2021 நவம்பரில் எல் சிஸ்டமா கின்னஸ் சாதனை செய்தது. ஒரே நேரத்தில் 8,573 பேர் சேர்ந்து வாசித்த ஆர்கெஸ்ட்ரா. பதினோரு பேர் என்னவாகப் பெருகியிருக்கிறார்கள் பாருங்கள்.

வாசித்த இடம், ராணுவ அகாடமி மைதானம்.