தச்சர் கட்டளை

ஒரு வடிவைப் பன்முறை பிழையின்றி அறுத்தற்கு ரூட்டர் பொறியின் அலகை நடத்தும் பலகையை இன்று 'டெம்ப்ளேட்' என்பர். 'மாதிரி' எனப் பெயர்ப்பாரும் உளர். மாதிரி கண்டு செய்தற்குரியது. இப்பலகையோ அலகை விலகவிடாது ஆள்வது. ஆதலின் 'கட்டளை' என்னும் பழஞ்சொல்லே இதற்கு ஏற்றது என்பது எம் கருத்து.

கட்டளை ஆணையை மட்டுமன்றி, உருவமைக்கும் அச்சையும் குறிக்கும். அச்சுக் கோணின் செங்கல்லும் கோணும் என்பதைச் சமணராகிய முனைப்பாடியார் அறநெறிச்சாரத்தில் உவமையாக்கினார். (சமணம் தழைத்த விசயமங்கலம் பெருந்துறைக்கு அண்மையதே, அதுகொண்டு நூலைக் கொங்கிற்கு உரியதாக்கல் மிகையாம்.) கட்டளைக் கலித்துறை அடியும் ஒற்று நீக்கி, நேர் முதலாயின் 16 எழுத்தும், நிரை முதலாயின் 17 எழுத்தும் பெற்று வரையறைப்படுவதே.

ஆறு வட்டைகள் கூடிய வண்டிச் சக்கரத்தில் ஒவ்வொரு வட்டையும் 60 பாகை கொள்ளும். கட்டளையில் அரைப்பாகை குறையின், அக்குறை ஆறு வட்டைகளிலும் ஏறிச் சக்கரம் 3 பாகை வாய்திறந்து நிற்கும். ஒரு வட்டையின் பிழையாயின் அதனை மட்டும் மாற்றலாம். இதுவோ அறுக்குந்தோறும் பிறக்கும்.

இன்னுமொன்று. ரூட்டரின் வழிகாட்டு வளையம் 16 மி.மீ. குறுக்களவும், அலகு 10 மி.மீ. குறுக்களவும் உடையவாயின், புறவடிவை அறுக்கும் கட்டளை விளிம்புதோறும் 3 மி.மீ. உள்ளடங்கியே அமைதல் வேண்டும். செய்பொருளின் அளவோடு ஒவ்வாத ஒன்றை மாதிரி எனல் யாங்ஙனம் பொருந்தும்?