கடவுளின் நகரம்

கடவுளின் நகரம் (இலத்தீனில் 'தே சிவித்தாத்தே தேயி') என்பது வட ஆப்பிரிக்காவின் ஹிப்போ நகர ஆயர் புனித அகுஸ்தீனார் 413 முதல் 426 வரை எழுதிய, 22 பகுதிகள் கொண்ட நூல். பிற சமயத்தாரின் வரலாற்றைக் கிறிஸ்தவப் பார்வையில் ஆராய்ந்த முன்னோடிப் படைப்புகளுள் இதுவும் ஒன்று.

பின்னணி: 410இல் அலாரிக் தலைமையில் விசிகோத்தியர் ரோம் நகரைச் சூறையாடினர். பழைய தெய்வங்களைக் கைவிட்டதே அழிவுக்குக் காரணம் எனப் பலர் கிறிஸ்தவர்களைக் குற்றம் சாட்டினர். இந்நூல் அதற்கான மறுமொழி.

அணுகுமுறை: சல்லஸ்ட், லிவி, வர்ரோ முதலிய ரோமானிய ஆசிரியர்களையே அகுஸ்தீனார் சான்றாகக் கொண்டார். கிறிஸ்துவுக்கு முன்பும் ரோம் உள்நாட்டுப் போர்களாலும் பேரிடர்களாலும் அல்லலுற்றதை மூன்றாம் பகுதியில் எடுத்துரைத்தார். எனினும் ரோமானியரின் நற்பண்புகளை அவர் மறைக்கவில்லை. பகைவருக்குக் கொடுத்த வாக்கைக் காக்கக் கார்த்தேஜுக்குத் திரும்பி உயிர்நீத்த ரோமானியத் தளபதி ரெகுலுசைப் போற்றினார். மண்ணுலகப் புகழுக்காகவே ரோமானியர் இவ்வளவு தியாகம் செய்தார்கள் என்றால், நிலைவாழ்வை நாடும் கிறிஸ்தவர் செருக்குற இடமில்லை என்று ஐந்தாம் பகுதியில் அறிவுறுத்தினார். அதே வேளையில், புகழாசையை உண்மையான அறமாக அவர் ஏற்கவில்லை.

தாக்கம்: அகுஸ்தீனாரின் வேண்டுகோளின்படி ஒரோசியுஸ் என்னும் குரு ஏழு பகுதிகளில் உலக வரலாறு எழுதினார். அந்நூல் இடைக்கால ஐரோப்பாவில் பரவலாகப் படிக்கப்பட்டது. மாற்றாரின் நூல்களைக் கவனமாகக் கற்று, நல்லதை மதித்து, குறையை அவர்கள் சான்றாலேயே காட்டும் நேர்மை 'கடவுளின் நகரம்' நூலின் நிலைத்த கொடை.