விண்வெளியிலிருந்து வீடு திரும்ப ஒரு மூட்டை

விண்வெளிக்குப் போவதைப் பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். கவுண்டவுன், நெருப்பு, புகை, கைதட்டல். திரும்பி வருவதைப் பற்றியும் எழுதியிருக்கிறார்கள். ஆனால் பாராசூட் விரிந்தவுடன் முக்கால்வாசிப் பேர் முற்றுப்புள்ளி வைத்துவிடுகிறார்கள். அதற்குப் பிறகு என்ன? இறங்கிய இடத்தில் வரவேற்க யாருமே இல்லை என்றால்? இறங்கிய இடம் எது என்றே தெரியாவிட்டால்?

இதற்காகவே ஒவ்வொரு விண்கலத்திலும் ஒரு மூட்டை இருந்தது, இன்றும் இருக்கிறது. ரஷ்யர்கள் அதை நாஸ் என்று சுருக்கமாகச் சொல்வார்கள். "கையோடு எடுத்துச் செல்லும் ஆபத்துக்கால இருப்பு" என்று அர்த்தம். அமெரிக்கர்களுக்கு அது சர்வைவல் கிட். பெயர் எதுவானாலும் வேலை ஒன்றுதான். தரையைத் தொட்ட நிமிடத்திலிருந்து ஹெலிகாப்டர் வரும்வரை ஆளை உயிரோடு வைத்திருக்க வேண்டும்.

இப்படி ஒரு மூட்டை எதற்குத் தேவை என்று புரிய ஒரு சின்னக் கணக்கு போதும். பூமியைச் சுற்றும் கலம் விநாடிக்கு ஏறத்தாழ 8 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது. இறங்குவதற்கான ராக்கெட்டை 10 விநாடி தாமதமாக எரித்தால் இறங்கும் இடம் 80 கிலோமீட்டர் தள்ளிப் போய்விடும். சென்னையில் இறங்க வேண்டியவர் காஞ்சிபுரம் பக்கம் இறங்கின மாதிரி. காஞ்சிபுரமாக இருந்தால் பரவாயில்லை, பஸ் பிடித்து வந்துவிடலாம். பூமியின் பெரும்பகுதி கடல். மீதியில் பாதி காடு, பாலைவனம், பனி.

முதல் மூட்டையின் கதையே கொஞ்சம் வேடிக்கையானது. 1961 ஏப்ரல் 12 அன்று யூரி ககாரின் பூமியை ஒருமுறை சுற்றிவிட்டுத் திரும்பினார். அவர் கலத்தோடு தரையிறங்கவில்லை. சுமார் 7 கிலோமீட்டர் உயரத்தில் இருக்கையோடு வெளியே வீசப்பட்டு, தனிப் பாராசூட்டில் இறங்கினார். ரப்பர் படகு, ரேடியோ, உணவு எல்லாம் அடங்கிய மூட்டை ஒரு கயிற்றில் அவருக்குக் கீழே தொங்கியபடி வரவேண்டும். அது பாதியிலேயே அறுந்து விழுந்துவிட்டது! ககாரின் நல்ல வேளையாக சராதோவ் பகுதியில் ஒரு வயலில் இறங்கினார். அங்கே ஒரு பெண்மணியும் அவருடைய பேத்தியும் இருந்தார்கள். மூட்டை தேவைப்படவில்லை. வோல்கா ஆறு பக்கத்தில்தான் ஓடுகிறது என்பதை நினைத்துப் பார்த்தால் கொஞ்சம் உதறும்.

அமெரிக்கர்கள் கடலில் இறங்குவதாகத் திட்டம் போட்டவர்கள். ஆகவே மெர்க்குரி கலத்தின் மூட்டை முழுக்க முழுக்கக் கடலுக்கானது. ஒரு ஆள் உட்காரும் ரப்பர் படகு, கடல்நீரைக் குடிநீராக்கும் பொடி, தண்ணீரில் கரைந்து நிறம் காட்டும் சாயம், கண்ணாடி, விசில், தீப்பெட்டி, முதலுதவிப் பொருட்கள், சுறாவை விரட்டும் மருந்து, ரேடியோ. ராக்கெட் யுகத்தின் உச்சத்தில் ஒரு விசிலும் ஒரு முகம் பார்க்கும் கண்ணாடியும்! ஆனால் யோசித்தால் சரிதான். பேட்டரி தீர்ந்தாலும் விசில் ஊதும், வெயில் இருக்கும்வரை கண்ணாடி மின்னும்.

அந்த மூட்டையை நிஜமாகவே பிரித்தவர் ஸ்காட் கார்ப்பென்டர். 1962 மே 24 அன்று மூன்று சுற்று முடித்துவிட்டு இறங்கும்போது கலம் சரியான திசையைப் பார்க்கவில்லை. ராக்கெட்டுகளும் 3 விநாடி தாமதமாக எரிந்தன, அதுவும் முழு பலத்தோடு எரியவில்லை. விளைவு, குறித்த இடத்திலிருந்து சுமார் 400 கிலோமீட்டர் தள்ளிக் கடலில் விழுந்தார். அவர் உயிரோடு இருக்கிறாரா என்றே கொஞ்ச நேரம் தொலைக்காட்சி பார்த்துக்கொண்டிருந்த அமெரிக்காவுக்குத் தெரியவில்லை. அவரோ கலத்தின் மூக்கு வழியாக வெளியே ஏறி, படகை ஊதவைத்தார். படகு தலைகீழாக மிதந்தது. அதைத் திருப்பிப் போட்டு ஏறி உட்கார்ந்துகொண்டு சுமார் மூன்று மணி நேரம் காத்திருந்தார். விமானத்திலிருந்து குதித்து நீந்திவந்த முக்குளிப்பு வீரர்களிடம், தன் மூட்டையிலிருந்த சாப்பாட்டை எடுத்து வேண்டுமா என்று கேட்டாராம். நடுக்கடலிலும் விருந்தோம்பல்!

சந்திரனுக்குப் போகிறவர்கள் காட்டில் பயிற்சி எடுத்ததும் இதே காரணத்துக்காகத்தான். அவசரமாகத் திரும்ப நேர்ந்தால் பூமத்தியரேகை ஒட்டிய காடுகளில் எங்கு வேண்டுமானாலும் விழலாம். 1963ல் நீல் ஆம்ஸ்ட்ராங்கும் ஜான் கிளெனும் ஜோடியாகப் பனாமா காட்டில் விடப்பட்டார்கள். தாங்கள் கட்டிய குடிசைக்கு அவர்கள் வைத்த பெயர் "சோகோ ஹில்டன்". சோகோ என்பது அந்தக் காட்டில் வாழும் மக்களின் பெயர், ஹில்டன் என்பது ஓட்டலின் பெயர். அப்பல்லோ கலங்களின் மூட்டையில் வெட்டுக்கத்தி ஒன்றும் போனது. சந்திரனுக்கு ஒரு வெட்டுக்கத்தி எதற்கு என்று கேட்டால் பதில் பனாமாவில் இருக்கிறது.

இந்த வரலாற்றிலேயே முக்கியமான இரவுகள் 1965 மார்ச்சில் ரஷ்யக் காட்டில் நடந்தவை.

மார்ச் 18 அன்று அலெக்சி லியோனவ் வாஸ்கோட் 2 கலத்திலிருந்து வெளியே வந்து, விண்வெளியில் மிதந்த முதல் மனிதர் ஆனார். உடை பலூன் போல உப்பிக்கொண்டதால் உள்ளே திரும்பப் பட்ட பாடு எல்லோருக்கும் தெரிந்த கதை. அதற்கு அடுத்த நாள் நடந்தது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. தானாக இறங்கும் கருவி வேலை செய்யவில்லை. கூட இருந்த பாவெல் பெல்யாயெவ் கையாலேயே கலத்தைத் திருப்ப வேண்டியிருந்தது. இதில் ஒரு சிக்கல். இருக்கைகள் ஒரு பக்கம் பார்த்திருந்தன, திசை பார்க்கும் கருவி வேறு பக்கம். இருக்கையை விட்டு எழுந்து, குறுக்கே படுத்துத்தான் திசை பார்க்க முடியும். பார்த்து முடித்துவிட்டு, எடை சமநிலைக்காகத் திரும்ப வந்து உட்கார்ந்து ராக்கெட்டை எரிக்க 46 விநாடி ஆகிவிட்டது. மேலே சொன்ன கணக்கைப் போட்டுப் பாருங்கள். 386 கிலோமீட்டர் தள்ளி, பெர்ம் நகருக்கு வடக்கே அடர்ந்த தைகா காட்டில் விழுந்தார்கள்.

கலம் மரங்களுக்கு நடுவே சிக்கிக்கொண்டது. கதவு ஒரு பிர்ச் மரத்தில் முட்டி நின்றது. ஆட்டி ஆட்டித் திறந்து வெளியே குதித்தால் மார்பளவு பனி. லியோனவின் விண்வெளி உடைக்குள் முந்தின நாள் வழிந்த வியர்வை கால் பக்கம் தேங்கிக் கிடந்தது. அப்படியே விட்டால் உறைந்துவிடும். எனவே இருவரும் அந்தக் குளிரில் எல்லாவற்றையும் கழற்றி, உள்ளாடையைப் பிழிந்து மறுபடி போட்டுக்கொண்டார்கள். கலத்துக்குள் போய்ப் படுக்கலாம் என்றால் கதவு ஏற்கெனவே கழன்று போயிருந்தது. வெப்பமூட்டி வேலை செய்யவில்லை, ஆனால் மின்விசிறிகள் மட்டும் நிற்காமல் சுற்றிக்கொண்டிருந்தன. மரக்கிளைகளில் மாட்டியிருந்த பாராசூட் துணியைக் குளிருக்கு ஆகுமென்று இழுத்தார்கள்.

அவர்களது சிக்னலைக் கேட்டு விமானங்களும் ஹெலிகாப்டர்களும் வந்தன. ஆனால் இறங்க இடமில்லை. மேலிருந்தவர்கள் கையில் கிடைத்ததையெல்லாம் வீசினார்கள். ஒரு பிராந்தி பாட்டில் விழுந்து உடைந்தது. கோடரி ஒன்று வந்தது, மொக்கையாக. ரோமக் காலணிகள் மட்டும் உருப்படியாகக் கிடைத்ததாக லியோனவ் பின்னாளில் சொல்லியிருக்கிறார். இதற்கிடையே வீட்டாரிடம், இருவரும் இறங்கிவிட்டார்கள், ஓர் ஓய்வு விடுதியில் இருக்கிறார்கள் என்று சொல்லப்பட்டதாம்.

முதல் இரவு இருவரும் தனியாக. மறுநாள் பனிச்சறுக்குக் கட்டைகளோடு மீட்புக்குழு வந்து சேர்ந்தது. அவர்கள் மரங்களை வெட்டிச் சின்னக் குடிசை போட்டு, பெரிய அண்டாவில் வெந்நீர் வைத்துக் குளிக்கக் கொடுத்தார்கள். இரண்டாம் இரவும் அங்கேயே. மூன்றாம் நாள் சுமார் 9 கிலோமீட்டர் பனியில் சறுக்கிப் போய்த்தான் ஹெலிகாப்டரில் ஏறினார்கள்.

அந்தக் காட்டில் ஓநாயும் கரடியும் உண்டு. மூட்டையில் இருந்ததோ ஒரு சாதாரணக் கைத்துப்பாக்கி. கரடி வந்தால் இதை வைத்துக்கொண்டு என்ன செய்வது? ஊருக்குத் திரும்பிய லியோனவ் இந்தக் கேள்வியை விடவில்லை. அவர் வற்புறுத்தியதன் பலனாக வந்தது டிபி-82 என்ற விசித்திரமான ஆயுதம். மூன்று குழல். மேலே இரண்டு பறவை, சிறு மிருகங்களைச் சுட, ஒளிக்குண்டு விடவும் ஆகும். கீழே ஒன்று ரைபிள் தோட்டாவுக்கு. தோளில் வைக்கும் கட்டையைக் கழற்றினால் அதுவே மரம் வெட்டும் கத்தி! 1986ல் சேவைக்கு வந்த இந்தத் துப்பாக்கி சோயுஸ் கலங்களில் சுமார் இருபது ஆண்டு பறந்தது. சர்வதேச விண்வெளி நிலையத்துக்குப் போன அமெரிக்கர்களும் இதைச் சுடப் பழகினார்கள். கடைசியில் அதற்கான தோட்டாக்கள் பழசாகிப் போனதால் 2007 வாக்கில் ஓய்வு கொடுத்துவிட்டு, பழையபடி கைத்துப்பாக்கிக்கே திரும்பினார்கள். விண்வெளியில் ஆயுதமா என்று சிலர் முகம் சுளிப்பதுண்டு. ஆனால் அந்தத் துப்பாக்கி யாரையாவது மிரட்டப் போனதல்ல, பெர்ம் காட்டின் கரடிகளுக்காகப் போனது.

மிருகங்களைவிட மனிதர்களுக்குப் பயந்த கதையும் உண்டு. 1975 ஏப்ரல் 5 அன்று லாசரெவ், மகரோவ் இருவரும் ஏறிய சோயுஸ் ராக்கெட்டில், பாதி வழியில் ஓர் அடுக்கு சரியாகப் பிரியவில்லை. கலம் மட்டும் தானாகக் கழன்று கீழே பாய்ந்தது. தங்கள் எடையைப்போல 20 மடங்குக்கும் மேலான அழுத்தத்தை இருவரும் தாங்க வேண்டியிருந்தது. மொத்தப் பயணமே 21 நிமிடம்தான். அல்தாய் மலையில் பனி மூடிய ஒரு சரிவில் இறங்கி, பள்ளத்தாக்கை நோக்கிச் சறுக்கிக்கொண்டே போனது கலம். பாராசூட் செடிகொடிகளில் சிக்கியதால் பிழைத்தார்கள். வெளியே வந்ததும் அவர்கள் செய்த முதல் வேலைகளில் ஒன்று, கையிலிருந்த ராணுவச் சோதனைக் காகிதங்களை எரித்தது. சீனாவுக்குள் விழுந்துவிட்டோமோ என்ற பயம். அப்போது ரஷ்யாவுக்கும் சீனாவுக்கும் கடும் பகை. வழிதவறி இறங்கும் விண்வெளி வீரர்களைப் பத்திரமாகத் திருப்பி அனுப்ப வேண்டும் என்று 1968லேயே ஐ.நா. வழியாக ஓர் ஒப்பந்தம் வந்துவிட்டது. ஆனால் சீனா அதில் சேர்ந்தது 1988ல்தான். ஆகவே அவர்கள் பயந்ததில் தப்பில்லை. விழுந்தது ரஷ்யப் பக்கம்தான் என்பது பிறகுதான் தெரிந்தது. மறுநாள் மீட்கப்பட்டார்கள்.

மூட்டை இருந்தும் பிரயோஜனப்படாத இரவும் ஒன்று உண்டு. 1976 அக்டோபர் 16, கஜகஸ்தானில் தெங்கீஸ் ஏரி. சோயுஸ் 23 கலம் நடு இரவில், பனிப்புயலில், பாதி உறைந்த அந்த ஏரியில் போய் விழுந்தது. வெளியே மைனஸ் 22 டிகிரி. தண்ணீர் நிறைந்த பாராசூட் கலத்தை ஒருபக்கமாக இழுத்துச் சாய்த்ததில் கதவு தண்ணீருக்குள் போய்விட்டது. படகு, உணவு, உடை எல்லாம் கூடவே இருக்க, ஜுதோவும் ராஷ்தெஸ்த்வென்ஸ்கியும் உள்ளேயே அடைபட்டுக் கிடந்தார்கள். விடிந்தபின் ஹெலிகாப்டர் வந்து கலத்தையே கரைக்கு இழுத்துப்போட்டது. இருவரும் உயிரோடு இருப்பார்கள் என்று மீட்க வந்தவர்களே நம்பவில்லை.

இதெல்லாம் பழைய கதை, இப்போது ஜிபிஎஸ் காலம் என்று தோன்றலாம். 2003 மே 4 அன்று என்ன நடந்தது தெரியுமா? அந்த ஆண்டு பிப்ரவரி 1ல் கொலம்பியா விண்ணோடம் சிதறி, கல்பனா சாவ்லா உட்பட ஏழு பேர் இறந்திருந்தார்கள். நிலையத்தில் இருந்த இரண்டு அமெரிக்கர்களும் ஒரு ரஷ்யரும் சோயுஸில் திரும்பினார்கள். கலம் செங்குத்தாகப் பாய்ந்து இலக்குக்கு 400 கிலோமீட்டருக்கும் முன்னதாகவே இறங்கிவிட்டது. ஆன்டெனாவும் பழுது. அவர்கள் எங்கே என்று இரண்டு மணி நேரத்துக்கு மேல் யாருக்கும் தெரியவில்லை. கொலம்பியா நடந்து மூன்றே மாதம் ஆகியிருந்த நிலையில் அந்த இரண்டு மணி நேரம் எப்படிப் போயிருக்கும்! கஜகஸ்தான் புல்வெளியில் மூவரும் நலமாகத்தான் இருந்தார்கள். ஒரு போன் செய்யத்தான் வழியில்லை.

அதன் பிறகு சோயுஸ் மூட்டையில் ஒரு சாட்டிலைட் போன் ஏறியது. 2008 ஏப்ரல் 19 அன்று அதற்கு வேலையும் வந்தது. கொரியாவின் யி சோ-யியோன், அமெரிக்காவின் பெக்கி விட்சன், ரஷ்யாவின் மலென்சென்கோ மூவரும் அதேபோல 400 கிலோமீட்டருக்கும் மேல் விலகி இறங்கினார்கள். சுற்றிலும் புல் தீப்பற்றி எரிந்தது. புகையைப் பார்த்து முதலில் வந்தவர்கள் அந்தப் பகுதி மக்கள்தான். மலென்சென்கோ போனை எடுத்துத் தாங்கள் நலம் என்று சொன்னார்.

இந்தியாவின் ககன்யான் திட்டத்துக்காகத் தேர்வான நான்கு விமானப்படை அதிகாரிகளும் 2020ல் ரஷ்யாவில் இந்தப் பாடத்தைப் படித்தார்கள். அவர்களில் ஒருவரான சுபான்ஷு சுக்லா 2025ல் வேறொரு கலத்தில் விண்வெளி நிலையம் போய், ஜூலை 15 அன்று பசிபிக் கடலில் பத்திரமாக இறங்கினார். நால்வருக்குமான பயிற்சியில் தண்ணீர் உண்டு, புல்வெளி உண்டு, பிப்ரவரி மாதப் பனிக்காடும் உண்டு. ரஷ்யர்களின் குளிர்காலப் பயிற்சி வழக்கமாக இப்படித்தான் நடக்கும். காட்டில் ஒரு கலத்தைப் போட்டு, வீரர்களையும் நாஸ் மூட்டையையும் உள்ளே வைத்துவிட்டு இரண்டு நாள் விட்டுவிடுவார்கள். வெளியே வந்து நெருப்பு மூட்ட வேண்டும். பிறகு மரக்கிளைகளை வெட்டி நட்டு, பாராசூட் துணியைச் சுற்றிக் கூடாரம் போட வேண்டும்.