கல்யாண மண்டபத்து எஸ்பிரசோவும் வீட்டு ஃபில்டரும்

இன்னைக்கு எபிசோடை வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டுல ஆரம்பிக்கலாம். கல்யாணத்துக்குத் துணி எடுக்க கூட்டம் அலைமோதுற தெரு. துணி எடுத்தாச்சு, அடுத்தது மண்டபம். ரிசப்ஷன்ல ஒரு மூலையில "புஸ்ஸ்"னு சத்தம் கேட்கும். எஸ்பிரசோ காபி! நுரை ததும்ப, மேல சாக்லெட் பவுடர் தூவித் தருவாங்க.

ஆனா அது எஸ்பிரசோவே இல்லை. இன்ஸ்டன்ட் காபித் தூளும் சர்க்கரையும் போட்ட கப்புல, நீராவியில நுரைக்க வெச்ச பாலை ஊத்துறாங்க. அந்த மெஷின்ல பாய்லரும் நீராவிக் குழாயும் இருக்கு. காபி வடிக்கிற பாகமே இல்லை.

நிஜ எஸ்பிரசோவோட கதையும் நீராவியிலதான் தொடங்குது. 1884-ல இத்தாலியின் டூரின் நகரத்துல ஆஞ்சலோ மோரியொண்டோ நீராவி காபி மெஷினுக்குக் காப்புரிமை வாங்கினார். 1901-ல மிலானைச் சேர்ந்த லூயிஜி பெசேரா, ஒவ்வொரு கப்பாக வடிக்கிற மெஷினைக் கொண்டுவந்தார். கைப்பிடி வெச்ச வடிகட்டியில தூளை நிரப்பி, மெஷின்ல மாட்டித் திருகணும். ஆனா நீராவி கொடுத்த அழுத்தம் ஒன்றரை பார் அளவுதான். அழுத்தத்தை ஏத்தினா சூடும் ஏறும், காபி கருகும்.

இந்தச் சிக்கலை உடைச்சவர் மிலான்காரர் அக்கில்லே காஜியா. 1938-ல காப்புரிமை, இரண்டாம் உலகப் போருக்கு அப்புறம் ஸ்பிரிங் லீவர் மெஷின். நீராவிக்குப் பதிலா பிஸ்டன் சுடுதண்ணியைத் தூளுக்குள்ள தள்ளுச்சு. 1961-ல ஃபேமா கம்பெனியோட 'ஈ-61' மெஷின் வந்ததும் அந்த வேலையை மின்சார பம்ப் எடுத்துக்கிச்சு. இன்னைக்கு வழக்கமான அளவு 9 பார். கார் டயர்ல அடிக்கிற காத்தைப் போல நாலு மடங்கு!

அழுத்தம் கூடினதும் பராமரிப்பும் கூடுச்சு. கைப்பிடியை மாட்டுற இடம்தான் குரூப் ஹெட். அங்க இருக்கிற ரப்பர் கேஸ்கெட் சூட்டுல இறுகிப்போனா ஓரத்துல தண்ணி கசியும். கைப்பிடியை இன்னும் பலமா திருகுறது தீர்வு இல்லை, கேஸ்கெட்டை மாத்தணும். மேல இருக்கிற சல்லடையில காபி எண்ணெய் படிஞ்சா எவ்வளவு நல்ல தூளும் சிக்கு வாடை அடிக்கும்; தினமும் கடை மூடும்போது கழுவணும். வழக்கமா ஒரு ஷாட் 25 முதல் 30 வினாடியில இறங்கும். பத்தே வினாடியில கொட்டுச்சுன்னா மெஷினைத் திட்டாதீங்க, முதல்ல தூளை இன்னும் நைசா அரைச்சுப் பாருங்க.

அடுத்தது தண்ணி. இது நம்ம ஏரியா பிரச்சினை. கடலோர வடசென்னையில பல இடத்துல போர் தண்ணி உப்பு. கடல்நீரைக் குடிநீராக்க, தினம் 10 கோடி லிட்டர் திறனோட மீஞ்சூர் ஆலை 2010-ல வந்ததே இந்தப் பக்கம்தான். கடினத் தண்ணி பாய்லருக்குள்ள சுண்ணாம்பா படியும், உப்பு உலோகத்தை அரிக்கும். அந்தப் படிவு சேஃப்டி வால்வை அடைச்சா அது ருசிப் பிரச்சினை இல்லை, மெஷின் பக்கத்துல நிக்கிறவரோட உயிர்ப் பிரச்சினை. மண்டபத்து மெஷினுக்கும் இதே விதிதான்.

இதெல்லாம் புதுசுன்னு நினைக்காதீங்க. வீட்டு ஃபில்டர்ல டிகாஷன் இறங்கலைன்னா அம்மா என்ன பண்ணுவாங்க? மேல் டப்பாவை அடுப்புல காட்டி, ஓட்டையில அடைஞ்ச தூளை எரிச்சு, தட்டிக் கழுவுவாங்க. பித்தளை ஃபில்டரோ பல லட்ச ரூபாய் மெஷினோ, ஓட்டை அடைபடாம பார்த்துக்க ஒரு ஆள் வேணும். அடுத்த தடவை நல்ல காபி கிடைச்சா, போட்டவரோட சேர்த்து ராத்திரி மெஷினைக் கழுவினவருக்கும் ஒரு நன்றி சொல்லுங்க. அடுத்த எபிசோட்ல பார்க்கலாம்!